பற்றவைக்காத கயிறு

பொம்மை விமானத்தின் இறக்கையில் யார் பேரை எழுதுவது என்று மாரிமுத்து கேட்கவே இல்லை. தன் பேர், அப்பா பேர், மாவு மில், கிருமாம்பாக்கம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, நல்லாப் பெரிசாக எழுது என்றான். ஜெயராக்கினி எழுதினாள். மூன்று வருஷமாக அவனுடைய பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டுகளை எழுதிக்கொடுத்த கை. இறக்கையில் எழுதும்போது மட்டும் அதற்கு மானம் வந்துவிடுமா என்ன.

பேர் எழுதுவது அழகுக்கு இல்லை. அந்த மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டபின் அது யார் கையிலும் இல்லை. பிடித்து இழுக்க நூல் கிடையாது, கீழே நின்று ஓட்ட ரேடியோ கிடையாது. மூக்கில் இருக்கிற ஒன்றரை சி.சி. எஞ்சின் பத்துப் பன்னிரண்டு விநாடி கத்திக்கொண்டு மேலே ஏற்றும். ஊற்றிய எண்ணெய் தீர்ந்ததும் நின்றுவிடும். அதற்கப்புறம் காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கே. எந்தக் கழனியிலோ எந்தத் தோப்பிலோ விழுந்தால் கண்டெடுத்தவர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் அல்லவா, அதற்குத்தான் பேரும் விலாசமும்.

விமானம் செய்யும் சாமான்கள் அடங்கிய அந்தப் பெட்டி எழுபத்தாறாம் வருஷம் ஐப்பசி மழையில் வந்தது. டவுன் காலேஜில் என்.சி.சி. ஏர் விங்குக்குப் பையன்களை மட்டும்தான் சேர்த்தார்கள். ஜெயராக்கினி போய்க் கேட்டாள். பெண்களுக்கு யூனிபாரமே தைக்கவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மாரிமுத்துவைச் சேர்த்துக்கொண்டார்கள். அவனுக்கு இரண்டு குச்சியை நேராக ஒட்டத் தெரியாது. பெட்டியைக் கையில் கொடுத்து, மாசி மாதத்துக்குள் செய்து எடுத்துவா, நன்றாகப் பறந்தால் வடக்கே நடக்கிற ஆல் இந்தியா கேம்புக்கு உன்னை அனுப்புகிறோம் என்றார்கள். அவன் பெட்டியோடு பஸ்ஸில் ஏறி, கிருமாம்பாக்கத்தில் இறங்கி, அவள் கையில் கொடுத்துவிட்டான்.

காலனியில் ஜெயராக்கினி வீடு கடைசி. அப்பா சூசைநாதன் பாகூர் ஏரிப் பாசனத்துக் கழனிகளில் கூலிக்குப் போகிறவர். அந்தக் காலனியிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள், ஆணிலும் சரி பெண்ணிலும் சரி, அவர் மகள்தான். கூரை ஒழுகாத மூலை அந்த வீட்டில் ஒன்றே ஒன்று. அதில் நெல் வைத்திருந்தார்கள். நெல் மூட்டையை நகர்த்திவிட்டு அங்கே ஒரு பலகையைப் போட்டாள்.

பெட்டியில் இருந்த பால்சாவை மரம் என்றால் நம்ப முடியாது. முருங்கைக் கட்டையைவிட லேசு. நகம் பட்டால் குழி விழும், மழை ஈரம் பட்டால் வளையும். பாதி பிளேடால் அதை நறுக்கி, விலா எலும்பு மாதிரி இருபத்திரண்டு சில்லுகளை இறக்கைக்காகச் செதுக்கினாள். குண்டூசியால் பலகையில் குத்தி நிறுத்தி ஒட்டினாள். மேலே வெங்காயத் தோல் மாதிரி காகிதம் போர்த்தி, தண்ணீர் தெளித்து, அது காய்ந்து விறைத்ததும் மூக்கை எரிக்கிற வார்னிஷைப் பூசினாள். எஞ்சினுக்கு அடியில் தீக்குச்சி கனத்துக்கு ஒரு சில்லு வைத்தாள். அது இல்லாவிட்டால் மூக்கு நிமிர்ந்து, விமானம் தலைக்குமேல் குட்டிக்கரணம் அடித்து மண்ணில் குத்தும். புத்தகத்தில் இதைப் படித்துத் தெரிந்துகொண்டவள் அவள். பஸ்ஸில் போகும்போது அவனை மனப்பாடம் பண்ணவைத்தவளும் அவள்தான்.

எஞ்சினுக்கு ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் கலந்து ஊற்ற வேண்டும். ஈதரை மாரிமுத்து லேபிலிருந்து கொண்டுவந்தான். விளக்கெண்ணெய்க்கு அம்மாவிடம் கையேந்தினாள். ரோசம்மாள் சீசாவைக் கொடுக்காமல் மகளையும் விமானத்தையும் பார்த்தாள்.

"வெளக்கெண்ண குடிச்சா அது எங்கடி பறக்கும்? கொல்லப் பக்கந்தான் போவும்."

சூசைநாதன் சிரித்த சிரிப்பில் புரை ஏறியது.

எஞ்சினைக் கிளப்ப அதன் முன்னாலிருக்கிற விசிறியை விரலால் சுண்ட வேண்டும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அது திருப்பி அடித்து ஜெயராக்கினியின் சுட்டுவிரல் கணுவைக் கிழித்தது. மாரிமுத்து அவள் கையைப் பம்புசெட்டுத் தண்ணீரில் பிடித்து, ரத்தம் நிற்கும்வரை விடாமல் பிடித்து, தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டினான். அப்போதுதான் சொன்னான்.

"கேம்புக்குப் போய் சர்ட்டிபிகேட்டோட வந்தன்னா வேல நிச்சயம் ராக்கினி. அடுத்த நாளே உங்கப்பாவாண்ட வந்து நிப்பன். இதப் பண்ணது நீதான்னு ஊரு முழுக்கச் சொல்லுவன்."

அவள் நம்பினாள். பிசிக்ஸில் எதையும் நிரூபிக்காமல் ஒத்துக்கொள்ளாதவள், இதை ஒரு கேள்வி இல்லாமல் ஒத்துக்கொண்டாள். நான்கு மாதம் அவள் ஒட்டியது விமானத்தை மட்டும் இல்லை. அவன் பெண் கேட்டுக் கழனி வரப்பைத் தாண்டிக் காலனிக்குள் நடந்து வருவான், அப்பா முன்னால் நிற்பான், இவள் செய்தது என்று வாய்விட்டுச் சொல்வான். ஒவ்வொரு சில்லையும் ஒட்டும்போது இதையும் சேர்த்துத்தான் ஒட்டினாள்.

கடைசியாகக் கயிறு. ஏறின விமானம் நல்ல சூட்டுக் காற்றில் மாட்டிக்கொண்டால் இறங்காது, பருந்து மாதிரி வட்டம் போட்டுக்கொண்டே கண்ணுக்குத் தெரியாத தூரம் போய்விடும். அதனால் வாலை ஒரு ரப்பர் வளையத்தால் கட்டி, அந்த வளையத்துக்கு நடுவில் புகைகிற திரி ஒன்றைச் செருக வேண்டும். திரி கனன்றுகொண்டே வந்து வளையத்தைச் சுட்டு அறுக்கும். வால் சடாரென்று நிமிரும். நிமிர்ந்தால் விமானம் பறக்க முடியாமல் தட்டு மாதிரி ஆடி ஆடி இறங்கிவிடும். பெட்டியில் அந்தத் திரி இல்லை. டவுனிலும் கிடைக்கவில்லை.

கிருமாம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் அமீர் ஹம்சா பெட்டிக்கடை வைத்திருந்தார். கடைத் தூணில் பீடி பற்றவைக்கிற கயிறு காலையிலிருந்து புகைந்துகொண்டு தொங்கும். ஜெயராக்கினி அதில் ஒரு முழம் கேட்டு வாங்கி, புரி பிரித்து, ஒற்றைப் புரியை அங்கேயே பற்றவைத்து, ஸ்கேலும் அப்பாவின் பழைய கடிகாரமுமாக உட்கார்ந்துவிட்டாள். ஒரு அங்குலம் எரிய எத்தனை நிமிஷம் என்று பார்க்க வேண்டும். காய்ந்த நாளில் எவ்வளவு, கடல் காற்று அடிக்கிற நாளில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அமீர் ஹம்சா நான்கு நாள் பொறுத்துப் பார்த்தார்.

"டிகிரி படிக்கிற புள்ள கவுத்தப் பாத்துக்னு குந்தினு இருக்குது. மூணு பஸ்சு பூட்ச்சும்மா."

"அடுத்த பஸ்சு வரும் பாய்."

"வரும். இந்தக் கவுறும் நாளைக்கி இங்கதான் தொங்கும்."

ஒரு விஷயத்தை அவள் கடைசியில்தான் கண்டுபிடித்தாள். கடையில் அசையாமல் தொங்கும்போது எரிகிற வேகம் வேறு, விமானத்து வாலில் எதிர்க்காற்று ஊதும்போது எரிகிற வேகம் வேறு. காற்றில் சீக்கிரம் எரிந்தது. கேம்புக்கு ஆள் எடுக்கிற போட்டியில் ஒரு தடவைக்கு இரண்டு நிமிஷம் வரைதான் கணக்கு. கயிறு இரண்டு நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து விநாடி முன்னாலேயே வாலைத் தூக்கிவிட்டது. கயிறை நீளமாக்கு, விநாடி போகிறது என்றான் மாரிமுத்து. நீளமாக்கினால் ஒருநாள் திரும்பி வராமல் போய்விடும் என்றாள் அவள். அந்த ஒன்றில் மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

அறுப்பு முடிந்த கழனியில் முதல் தடவை பறக்கவிட்டார்கள். அவன் எஞ்சினைச் சுண்டினான், அவள் கயிறைப் பற்றவைத்தாள். அப்படித்தான் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்: எஞ்சின் அவனுக்கு, நெருப்பு அவளுக்கு. விமானம் வலது பக்கமாகச் சுற்றிச் சுற்றி ஏறியது. எஞ்சின் நின்றதும் சத்தமே இல்லை. அவ்வளவு உயரத்தில் வெயில் பட்டு, காகிதத்துக்குள் இருக்கிற ஒவ்வொரு விலாவும் தெரிந்தது. எல்லாம் அவள் செதுக்கியவை. வால் நிமிர்ந்தது, ஆடி ஆடி இறங்கி வைக்கோல்மேல் உட்கார்ந்தது. சூசைநாதன் தலைத்துண்டை அவிழ்த்து, அந்த எண்ணெய்ப் பிசுக்கு விமானத்தை அதில் ஏந்திக்கொண்டு வந்தார். ஞானஸ்நானத்துக்குக் குழந்தையை அப்படித்தான் கொண்டுபோவார்கள்.

தேர்வு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பூரணாங்குப்பத்துக்கு மேற்கே ஒரு பொட்டலில் நடந்தது. ஜெயராக்கினி பூசைக்குப் போகாமல் அங்கே போனாள். எட்டுப் பையன்கள், எட்டு விமானம். மெட்ராஸிலிருந்து ஒரு ஆபீசர் வந்திருந்தார். ஆளுக்கு மூன்று தடவை பறக்கவிட வேண்டும், கூட ஒரு ஆள் உதவிக்கு இருக்கலாம் என்றார். அவள் கையில் அமீர் ஹம்சா கடைக் கயிறு புகைந்துகொண்டிருந்தது. முதல் தடவை அவள் வந்து வாலில் பற்றவைத்தாள், ஒரு நிமிஷம் நாற்பத்தாறு விநாடி. இரண்டாம் தடவையும் பற்றவைத்தாள், ஒரு நிமிஷம் நாற்பத்தெட்டு. வேறொரு பையன் இவர்களுக்கு ஒன்பது விநாடி முன்னால் இருந்தான்.

மூன்றாவதற்கு முன்னால் ஆபீசர் மாரிமுத்துவின் விமானத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எஞ்சினுக்கு அடியில் அந்தச் சில்லு எதற்கு என்று கேட்டார். மாரிமுத்து மனப்பாடம் பண்ணியதைத் தடுமாறாமல் சொன்னான். ஆபீசருக்கு முகம் மலர்ந்தது. இறக்கையை வெயிலுக்கு நேரே பிடித்தார். ஒரு சுருக்கம் இல்லை, இவ்வளவு நாளில் இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை, யார் ஒட்டியது என்று கேட்டார்.

ஜெயராக்கினி பத்தடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள். மாரிமுத்து அவள் பக்கம் திரும்பினான். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள், கூப்பிடப் போகிறான் என்று.

"ஒட்றது கிட்றதுக்கெல்லாம் வூட்டாண்ட ஒரு பொண்ணு வரும் சார். மத்தது பூரா நான்தான்."

ஆபீசர் தலையை ஆட்டினார். பக்கத்துப் பையன் ஒருத்தன் ஏதோ கிசுகிசுத்தான். மாரிமுத்துவும் அதற்குச் சிரித்தான்.

ஜெயராக்கினி திரும்பி நடந்து, வேடிக்கை பார்க்கிற கூட்டத்தோடு பனை மரத்தடியில் போய் நின்றாள். அழுகை வரவில்லை. கயிறு மட்டும் கையில் புகைந்துகொண்டிருந்தது.

மூன்றாவது தடவைக்குப் பேர் கூப்பிட்டார்கள். மாரிமுத்து உட்கார்ந்து எஞ்சினைச் சுண்டினான். மூன்று தடவை சுண்டியும் பிடிக்கவில்லை. நான்காவதில் பிடித்தது. அந்தப் பதற்றத்தில் அவன் எழுந்து விமானத்தைத் தலைக்குமேல் தூக்கிவிட்டான். வாலில் கயிறு இருந்தது. கயிற்றில் நெருப்பு இல்லை. எப்போதும் நெருப்பு வைக்கிறவள் இருபதடி தள்ளி நெருப்போடு நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு வார்த்தை போதும். 'கயிறு' என்று கத்தினால் எஞ்சின் சத்தத்தையும் மீறி அவனுக்குக் கேட்டிருக்கும். அவளுக்கு வாயும் திறந்தது. வூட்டாண்ட ஒரு பொண்ணு. வாயை மூடிக்கொண்டாள். போகட்டும், அவன் பேர் போட்ட விமானம்தானே, தொலையட்டும் என்று நினைத்தாள். அவன் கையை விட்டு அது கிளம்பிவிட்டது.

சுற்றிச் சுற்றி ஏறியது. எஞ்சின் நின்றது. பொட்டல் சூட்டுக்கு மேலே இரண்டு பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. விமானம் அவற்றுக்குக் கீழே போய் நுழைந்து, இறக்கையை ஒரு பக்கம் சாய்த்து, அவற்றோடு சேர்ந்து தானும் வட்டமிட ஆரம்பித்தது. ஒரு நிமிஷம் ஆயிற்று. ஒன்றே முக்கால் ஆயிற்று. வால் நிமிரவில்லை. இரண்டு நிமிஷம் என்று ஆபீசர் கையைத் தூக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். விமானம், கடலிலிருந்து கீழ்க்காற்று கிளம்புவதற்கு முன் நிலத்திலிருந்து அடிக்கிற மேல்காற்றில் தெற்கும் கிழக்குமாக, கடல் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. பருந்து அளவு இருந்தது சிட்டு அளவு ஆயிற்று. அப்புறம் புள்ளி. அப்புறம் வெறும் வானம். பையன்கள் பின்னால் ஓடினார்கள். ஜெயராக்கினி ஓடவில்லை. கையிலிருந்த கயிறு எரிந்துவந்து விரலைச் சுட்ட பிறகுதான் அதைக் கீழே போட்டாள்.

இரண்டு நிமிஷத்துக்கு மேல் எவ்வளவு பறந்தாலும் கணக்கு இரண்டு நிமிஷம்தான். ஆனால் முழு இரண்டு நிமிஷம். அந்த இன்னொரு பையனுடையது ஒன்றே முக்கால் நிமிஷத்தில் இறங்கிவிட்டது. மாரிமுத்துவைக் கேம்புக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அவள் கயிறைப் பற்றவைத்திருந்தால் அவன் தோற்றிருப்பான், விமானம் அவள் வீட்டில் இருந்திருக்கும். அவனைக் கெடுக்க என்று வாயை மூடினாள். கெட்டது அவளுடையது.

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் அவன் முகமெல்லாம் பல்லாக வந்தான். கயிறை அவனே மறந்துபோனது அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை. கேம்புக்கு இருபத்தைந்து நாள் இருக்கிறது, ஆபீசரிடம் சொல்லி இன்னொரு பெட்டி வாங்கிவிட்டேன், அதற்குள் இன்னொன்று செய்துவிடு என்றான்.

"மொதல்ல எங்கப்பாவாண்ட வா" என்றாள்.

"கேம்பு முடியட்டும் ராக்கினி."

"முன்னாடியே வா. வந்துட்டுப் போன அன்னிக்கே ஆரம்பிக்கிறன்."

அவன் ரோட்டைப் பார்த்தான். கடலூர் பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

"காலனிக்குள்ள நான் வந்து நின்னன்னா எங்கம்மா கெணத்துல வுழுந்துடும். இது உனக்குத் தெரியாதா?"

"நாலு மாசமா வந்துனுதான இருந்த?"

"அது பிளேனுக்கு வந்தன்."

அந்தப் புதுப் பெட்டிக்கு அவள் கை நீட்டவில்லை. அவன் நின்று பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனான். காலேஜிலிருந்த பழைய விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டு கேம்புக்கும் போனான். ஜெயராக்கினி அன்றைக்கு வகுப்புக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பி, நெல் மூட்டையைப் பழைய மூலைக்கு இழுத்தாள். பலகை முழுக்கக் குண்டூசி குத்தின ஓட்டைகள், இருபத்திரண்டு வரிசையில். அம்மா அந்தப் பலகையைத் தண்ணீர்க் குடத்துக்கு அடியில் போட்டுக்கொண்டாள்.

சூசைநாதன்தான் விடவில்லை. வாரத்தில் ஆறு நாள் கழனி வேலை. ஏழாம் நாள் பூசை முடிந்ததும் பூரணாங்குப்பத்திலிருந்து தெற்கே கடலோரச் சவுக்குத் தோப்புகளில் நடந்துகொண்டே போவார், எதிரே வருகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டே. மூன்று ஞாயிறு போனார். காலில் முள்ளோடு வந்து உட்கார்ந்து, இது ஒண்ணும் உன் தப்பு இல்ல, காத்து கொண்டுபூட்ச்சு, நீ இன்னா பண்ணுவ என்றார். ஜெயராக்கினி முள்ளை எடுத்துக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவனை இழந்ததுகூட ஆறிவிடும். அன்று வாயை மூடி நின்றதைச் சொல்லவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை.

சித்திரையில் கடைசிப் பரீட்சை. ஹால் டிக்கெட்டோடு பஸ்ஸுக்கு நின்றாள். பனித்திட்டுக் குப்பத்திலிருந்து ஒரு மீனவர், சாமிக்கண்ணு என்று பேர், பழைய வலைத் துண்டில் எதையோ சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு பெட்டிக்கடைக்கு வந்தார். சவுக்குத் தோப்பில் மரத்து உச்சியில் ரொம்ப நாளாகக் கிடந்ததாம், நேற்றுக் காற்றுக்கு விழுந்ததாம், பிள்ளைகள் அடித்துக்கொண்டதால் பிடுங்கி வந்தாராம். இறக்கையில் மாரிமுத்து, மாவு மில் என்று எழுதியிருப்பதாக ஒரு பையன் படித்துச் சொன்னானாம். வலையைப் பிரித்தார்.

காகிதம் கிழிந்து தொங்கியது. ஒரு பக்கம் விலாக்கள் நொறுங்கியிருந்தன. பேர் இருந்த பக்கம் முழுசாக இருந்தது. ஜெயராக்கினி விசிறியை விரலால் மெல்லச் சுற்றினாள். விளக்கெண்ணெய் இன்னும் உள்ளே இருந்தது. எஞ்சின் இறுக்கமாக எதிர்த்து, பிறகு 'டப்' என்று வழிவிட்டது. ஓடும். இப்போது ஊற்றினாலும் ஓடும்.

அமீர் ஹம்சா பேரைப் பார்க்கவில்லை. வாலைப் பார்த்தார்.

"இது எங் கடக் கவுறு ஆச்சே. இது உன்து தாம்மா." கயிறை விரலால் நிமிண்டினார். "இன்னாது, நெருப்பே படல?"

"வெக்கல பாய்."

"மறந்துட்டானா அந்தப் பையன்?"

"அவன் மறந்தான். நான் நெருப்ப வச்சிக்னு பாத்துக்னே நின்னன்."

இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லாதது, பஸ் நிறுத்தத்தில் பீடிக் கடைக்காரரிடம் வந்துவிட்டது. அமீர் ஹம்சா எழுந்தார். கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவள் குடித்தாள்.

சாமிக்கண்ணுவுக்கு ஒன்றும் புரியவில்லை. கடைக்காரர் உன்னுடையது என்கிறாரே, அப்படியானால் நீயே வாங்கிக்கொள் என்று அவளிடம் நீட்டினார்.

"வாணாம்ணே. மில்லாண்டயே குடுத்துடுங்க. ரோட்டத் தாண்டி மூணாவது வூடு. யாரு செஞ்சதுன்னு அந்தப் பையனோட அம்மா கேட்டா, காலனி சூசைநாதன் பொண்ணு செஞ்சதுன்னு சொல்லுங்க."

"நீ செஞ்சதுல அவன் பேர எழுதிக்னானா? நீ சும்மா வுட்டியா?"

"எழுதனது நான்தாண்ணே."

அவர் வலைத் துண்டைச் சுற்றி இடுக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். லாரி ஒன்று வேகமாகப் போனதில் காற்று அடித்து, வலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இறக்கை துள்ளி எழும்பியது. கூடையிலிருந்து எகிறுகிற கோழியை அமுக்குகிற மாதிரி அவர் அதை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு மில் பக்கம் நடந்தார்.

அவளுடைய பஸ் வந்தது. கயிறைக் கழற்றி எடுத்திருந்தாள் என்பது ஹால் டிக்கெட்டைத் தேடும்போதுதான் அவளுக்கே தெரிந்தது. இரண்டு அங்குலம். அன்றைக்கு அவள் நறுக்கினபடியே, கருகாமல் இருந்தது. அதைப் பேனாவோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அப்பாவிடம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். முதலில் பரீட்சையை எழுத வேண்டும். அந்தத் தாளிலாவது அவள் பேரை அவள் எழுதலாம்.